எலும்பும் தோலுமாக வந்த ஃபெரட்டுகளை எப்படித் தேற்றுவது?

கோலாலம்பூரின் செந்தூலில் வீட்டைக் காலி செய்து போனவர்கள் பால்கனிக் கூண்டிலேயே விட்டுச் சென்ற இரண்டு ஃபெரட்டுகளை (கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள வளர்ப்புப் பிராணி) எடுத்து வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முடி கொட்டி, முதுகெலும்பு தெரிய, கை நீட்டினால் கடிக்க வருகின்றன. என்ன கொடுத்தால் சீக்கிரம் தேறும் என்று கேட்கிறீர்கள்.

எடுத்து வந்ததற்கு முதலில் நன்றி. ஆனால் ‘சீக்கிரம்’ என்ற எண்ணத்தை இந்த வாரம் தள்ளி வையுங்கள். பட்டினி கிடந்து நொந்த உடம்பைப் பசியைவிட வேகமாகச் சாய்ப்பது, இரக்கப்பட்டு நாம் ஒரேயடியாகப் போடும் சாப்பாடுதான்.

நானும் அம்மாவும் கோலாலம்பூரில் இப்படிக் கைவிடப்பட்ட ஃபெரட்டுகளைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். முதல் ஜோடி வந்தபோது அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. “பசிச்சு வந்த பிள்ளைக்கு வயிறு நிறையப் போடாம, இதென்ன கரண்டி கரண்டியா?” என்று டாக்டரிடமே கேட்டார். டாக்டர் பொறுமையாக விளக்கினார். நாள் கணக்கில் சாப்பிடாத உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. திடீரென்று நிறைய உணவு, அதுவும் சோறு ரொட்டி மாதிரி மாவுச்சத்து, உள்ளே போனால் இன்சுலின் எகிறும். இரத்தத்தில் உள்ள பாஸ்பரசும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, இரத்தத்தில் அவற்றின் அளவு விழுந்துவிடும். இதயத் துடிப்பு தடுமாறும். நன்றாகச் சாப்பிட்டதே என்று நாம் நிம்மதியாகத் தூங்கும் நேரத்தில் அது போய்விடும்.

அதற்காகப் பட்டினியும் போடக்கூடாது. ஃபெரட் முழுக்க முழுக்க மாமிசம் தின்னும் பிராணி. குடல் குட்டை, சாப்பிட்டது 3, 4 மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, இரவிலும் விடாமல் கொடுக்க வேண்டும். முதல் நாள் அதற்குத் தேவையானதில் கால் பங்கு, பிறகு நாளுக்கு நாள் ஏற்றிக்கொண்டு போவது என்பது பொதுவான கணக்கு. உங்கள் இரண்டுக்கும் சரியான அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தோலும் எலும்பும் நீக்காத கோழியை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரோடு கஞ்சி மாதிரி அரைத்து, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். நோயில் மெலிந்த பிராணிகளுக்கென்று கிளினிக்கில் கிடைக்கும் ஹில்ஸ் ஏ/டி டின் உணவும் நல்லது. தட்டில் நக்காவிட்டால் ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பால், பழம், பிஸ்கட் எதுவும் வேண்டாம். வெங்காயம் இரத்த அணுக்களையே உடைக்கும் என்பதால் வீட்டுக் குழம்புக் கோழியைக் கழுவிக் கொடுக்கும் யோசனையும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கும் முன்னால் கவனிக்க வேண்டியது சூடு. நம் ஊரில் பகலில் 32, 33 டிகிரி சாதாரணம். ஃபெரட்டுக்கு 27 டிகிரி தாண்டினாலே கஷ்டம். அதற்கு நம்மைப் போல வியர்த்து உடம்பைக் குளிர்த்திக்கொள்ள முடியாது. கோலாலம்பூரில் இவை கைவிடப்படுவதற்கு ஏர்கோன் (ஏசி) பில்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். கடையில் குட்டியாகப் பார்த்து வாங்கும்போது, இரவு பகலாக ஏர்கோன் ஓட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், மூக்கும் ஈறும் செக்கச்சிவந்து துவண்டு கிடந்தால், பாதத்தையும் வயிற்றையும் குழாய்த் தண்ணீரால் நனைத்துக்கொண்டே கிளினிக்குக்கு ஓடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். ஆனால் மெலிந்து போன ஃபெரட்டுக்கு உடம்புச் சூடும் தங்காது. அதன் இயல்பான சூடு 37.8 முதல் 40 டிகிரி வரை. தொட்டால் சில்லென்று இருந்தால், வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். அறை 24 டிகிரி, உள்ளே புகுந்துகொள்ள ஒரு பழைய கம்பளித் துணி: எங்கள் வீட்டில் இதுதான் ஏற்பாடு.

டாக்டரிடம் இன்றே போங்கள். எல்லா கிளினிக்கிலும் ஃபெரட் பார்க்க மாட்டார்கள், போன் செய்து கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, அங்கும் விசாரிக்கலாம். இரண்டில் ஒன்று பெண் என்றால், கருத்தடை ஆகியிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். இணை சேராத பெண் ஃபெரட் பருவத்திலேயே நீடித்தால், ஈஸ்ட்ரோஜன் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி இரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும். பிறப்புறுப்பு வீங்கி, ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தால் அது அவசரம், காலை வரை காத்திருக்காதீர்கள். முடி வாலிலிருந்து கொட்டத் தொடங்கியிருந்தால் அட்ரீனல் சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். பின்னங்கால் தள்ளாடி, எச்சில் ஒழுக வெறித்துப் பார்த்தால் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று பொருள். ஈறுகளில் சிறிது தேன் தடவி, தெளிந்ததும் கோழிக் கஞ்சி கொடுத்து, உடனே கிளம்புங்கள்.

மலத்தையும் பாருங்கள், அசிங்கம் பார்க்காதீர்கள். தார் மாதிரிக் கருப்பாக இருந்தால் இரைப்பையில் இரத்தக் கசிவு. வாந்தியோடு மலமே வராமல் போனால், ரப்பரையோ ஸ்பாஞ்சையோ கடித்து விழுங்கியிருக்கலாம். பசியில் கிடந்தவை எதையும் தின்றிருக்கும். சமையல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருக்கும் நம் கண்ணுக்கு இளைப்பது தெரியாது.

தெள்ளுப்பூச்சி, காதில் கருப்பு அழுக்கு இரண்டுமே இருக்கும். நாய் மருந்தை அளவு குறைத்துப் போடாதீர்கள், பனடோல் (பாராசிட்டமால்) ஒரு துளிகூடக் கூடாது. தேறும்வரை குளிப்பாட்டவும் வேண்டாம். வீட்டில் யாருக்காவது சளிக்காய்ச்சல் என்றால் கிட்டே போகக்கூடாது. மனிதரின் இன்ஃப்ளூயன்ஸா ஃபெரட்டுக்கு அப்படியே தொற்றும். 1933இல் அந்த வைரஸைக் கண்டுபிடித்ததே ஃபெரட்டுகளை வைத்துத்தான். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் இன்னும் மோசம், வந்தால் பிழைப்பது அரிது. தெருநாயைத் தொட்டுவிட்டு வந்தால் கை கழுவி, செருப்பை வாசலிலேயே விடுங்கள். உடம்பு கொஞ்சம் தேறியதும் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

கடிப்பதைப் பற்றி: அது பயம், பசி, வலி. மூக்கில் சுண்டினால் பயம் இன்னும் கூடும். துண்டால் போர்த்தி மெதுவாகத் தூக்குங்கள், கைவாசனையும் சாப்பாடும் ஒன்றாக வரட்டும். எங்கள் வீட்டுக்கு வந்ததிலேயே அதிகம் கடித்த பெண் ஃபெரட், ராத்திரிச் சாப்பாட்டை அம்மா கையால் மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். இரண்டையும் பிரிக்காதீர்கள், ஒன்றையொன்று அணைத்துத் தூங்குவதே அவற்றுக்குப் பாதி மருந்து.

இன்னொன்று, கூண்டையும் இரண்டின் உடம்பையும் தேதியோடு இன்றே படம் எடுத்து, டாக்டரின் அறிக்கையையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் கொடுமைக்கு 20,000 முதல் 1,00,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ உண்டு. கால்நடைச் சேவைத் துறையிடம் புகார் கொடுக்கும்போது ஆதாரம் கேட்பார்கள். நாளைக்குத் தேறத் தொடங்கியபின் எடுக்கும் படம் அதற்கு உதவாது.