நீர்வண்ண நோட்டு: கடற்கரையில் சீக்கிரம் காய்கிறது, மேட்டில் காய மறுக்கிறது

கேள்வி: மொரிஷியஸில் கியூர்பீப்பில் வசிக்கிறேன். வார இறுதிகளில் வெளியே போய் நேரில் பார்த்து நீர்வண்ண நோட்டில் வரைகிறேன். பிளிக் ஆன் பிளாக் கடற்கரையில் வானத்தைத் தீட்டி முடிப்பதற்குள் பாதி காய்ந்து கோடு விழுந்துவிடுகிறது. வீட்டருகே வரைந்தால் அரை மணி நேரம் ஆனாலும் காயாது. நோட்டை மூடினால் பக்கங்கள் ஒட்டிக்கொள்கின்றன. தாள் நெளிகிறது. பழைய நோட்டுகளில் பழுப்புப் புள்ளிகள் வேறு. வண்ணப் பெட்டியை மாற்ற வேண்டுமா?

பதில்: வண்ணப் பெட்டி இருக்கட்டும். மாற வேண்டியவை தாளும், தூரிகையில் நீங்கள் ஏற்றும் தண்ணீரின் அளவும்தான். கியூர்பீப் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்கிழக்குக் காற்று சுமந்து வரும் ஈரம் மேட்டிலேயே தூறலும் மழையுமாக இறங்கிவிட, பிளிக் ஆன் பிளாக் இருக்கும் மேற்குக் கரைக்குப் போவது வறண்ட காற்று. ஒரே கைப்பழக்கத்தோடு இரண்டு இடத்திலும் தீட்டினால் ஓரிடத்தில் கட்டாயம் கெடும்.

தாளிலிருந்து தொடங்குவோம். நனைந்த இழைகள் ஊதி விரிகின்றன. முதுகுப் பக்கம் தையலில் பிடிபட்டிருப்பதால் அங்கே விரிய இடமில்லை. அந்த விரிவு மேலே எழும்பித்தான் நெளிவாகிறது. சதுர மீட்டருக்கு 200 கிராமுக்குக் குறைந்த தாளில் அகலமான ஈரப்பூச்சு போட்டால் நெளிவைத் தவிர்க்க முடியாது. 300 கிராம், முழுப் பருத்தி, கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்புள்ள) தாள் வாங்குங்கள். ஏ5 அளவு வரை அது நன்றாகத் தாங்கும்; ஏ4 ஆனால் அதுவும் கொஞ்சம் அலைபாயும். மரக்கூழ்த் தாள் விலை குறைவு. ஆனால் மேற்பரப்பிலேயே நீரைச் சீக்கிரம் இழந்து ஓரக்கோடு விடுவதால், உங்கள் கடற்கரை வானத்துக்கு அது ஏற்றதல்ல. சுருள் கம்பி வேண்டாம், தையல் நோட்டே நல்லது. கம்பியில் தொங்கும் பக்கங்கள் பையில் ஒன்றோடொன்று உரசி வண்ணத்தைத் தேய்க்கும். உப்புக் காற்றில் கம்பி துருவும் பிடிக்கும்.

தீவில் இறக்குமதி நோட்டு விலை கையைக் கடிக்கும் என்பதால் ஒரு மாற்றுவழி. 56 × 76 செ.மீ. முழுத் தாள் ஒன்று வாங்கி, முதலில் இரண்டு திசையிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கத்துக்கு இணையான மடிப்பு எளிதாக வளைகிறதோ, நோட்டின் முதுகு அந்தத் திசையில் அமைய வேண்டும். 76 செ.மீ. பக்கத்துக்கு இணையாக எளிதில் வளைந்தால், 28 × 19 அளவில் எட்டுத் துண்டாகக் கிழித்து, 28-ஐ இரண்டாக மடியுங்கள்: 14 அகலம், 19 உயரம் உள்ள நோட்டு. 56 செ.மீ. பக்கத்துக்கு இணையாக வளைந்தால் 14 × 38 அளவில் எட்டுத் துண்டு. 38-ஐ மடித்தால் 19 அகலம், 14 உயரம். அந்தப் படுக்கை வடிவம் லெ மோர்ன் மலையும் கடலும் சேர்ந்த காட்சிக்கு மிகவும் பொருந்தும். இரண்டிரண்டு துண்டாக ஒன்றுக்குள் ஒன்று செருகி, நான்கு கட்டாகத் தைத்தால் 32 பக்கம் கிடைக்கும்.

இனி கடற்கரை. நோட்டின் நான்கு மூலையிலும் கிளிப் போட்டு, நிழலில் உட்காருங்கள். வெயிலில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசச் செய்யும். அந்த ஒளியில் வண்ணம் வெளிறித் தெரிவதால் கை தானாகவே கூடுதலாக அப்பும், வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டிருக்கும். நிழல் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: நாம் இருப்பது தெற்கு அட்சம் 20 டிகிரியில். ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், ஆகவே சுவரின் தெற்குப் பக்கமே நிழல். வடகோளத்தில் எழுதப்பட்ட கையேடுகள் இதைத் தலைகீழாகச் சொல்லும். நவம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி மூன்றாம் வாரம் வரை சூரியன் உச்சந்தலையில் இருப்பதால் நண்பகலில் எந்தச் சுவரும் உதவாது. காலை ஒன்பதுக்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள்.

வானத்துக்கு வேண்டிய கலவையை முழுவதும் முன்பே கலந்து வைத்துக்கொள்ளுங்கள். போதுமென்று தோன்றுவதைப் போல இரண்டு மடங்கு கலப்பது நல்லது. பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் கோடு விழுகிறது. 10 அல்லது 12 எண் வட்டத் தூரிகையால் வெறும் தண்ணீரை வானப் பகுதி முழுவதும் பூசி, அது தாளுக்குள் இறங்க ஒரு நிமிடம் விட்டு, மேலே இன்னொரு முறை லேசாக நனைத்த பின் வண்ணம் வையுங்கள். நோட்டின் மேல்பக்கத்தை இரண்டு விரல் அளவு உயர்த்திப் பிடித்தால் ஈரம் ஒரு மணியாகத் திரண்டு கீழ்நோக்கி நகரும்; அந்த மணியைத் தொட்டே அடுத்த இழுப்பை இழுக்க வேண்டும். கடல்நீரில் தூரிகையைக் கழுவாதீர்கள். தாளில் தங்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மேட்டுக்குத் திரும்பியதும் அந்தப் பக்கம் மறுபடி நசநசக்கும்.

கியூர்பீப்பில், துரூ ஓ செர்ஃப் பள்ளத்தருகே உட்கார்ந்தால் எல்லாமே நேரெதிர். இங்கே நீர் குறைய வேண்டும். கைப்பிடிக்குள் தண்ணீர் நிரப்பிப் பிழிந்து விடும் நீர்த்தூரிகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தேவைக்கு மேல் தண்ணீர் அதிலிருந்து இறங்கும். சாதாரணத் தூரிகையும் இடக்கையில் ஒரு பழைய பருத்தித் துணியும் போதும். தாளைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் தூரிகையின் அடிவயிற்றைத் துணியில் ஒற்றுங்கள். பூச்சு பளபளக்கும்வரை அதற்குள் வண்ணம் சேர்க்கலாம். பளபளப்பு மங்கி ஈரம் மட்டும் மிஞ்சும் கட்டத்தில் தொடவே கூடாது: தூரிகையிலுள்ள கூடுதல் நீர் படிந்துகொண்டிருக்கும் நிறமியைத் தள்ளிக்கொண்டு போய், ஓரம் கிழிந்தாற்போன்ற கறையாக நிறுத்திவிடும். காய்ந்துவிட்டதா என்பதை விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

அந்த நேரத்தை வீணாக்கவும் வேண்டாம். மேட்டுக்குப் போகும்போது இரண்டு சிறிய நோட்டுகளை எடுத்துச் சென்று, ஒன்று காயும்போது மற்றதில் வரையுங்கள். அல்லது பேனாக் கோட்டிலேயே உருவத்தையும் நிழலையும் முடித்துக்கொண்டு, ஒரே ஒரு மெல்லிய பூச்சோடு நிறுத்துங்கள். நிறமி மை உள்ள, நீரில் கரையாத பேனா வேண்டும். ஈரக் காற்றில் அந்த மைக்கும் பத்து நிமிடம் கொடுங்கள்.

பெட்டியை மாற்ற வேண்டாம் என்றோம். தேன் சேர்த்த வண்ணங்கள் இருந்தால் மட்டும் அவை மேட்டில் பிசுபிசுவென்றே இருக்கும்; அவற்றைக் கடற்கரைக்கு ஒதுக்குங்கள், அங்கே அதுவே வசதி. அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா, நிக்கல் அசோ மஞ்சள், குவினாக்ரிடோன் ரோஜா ஆகிய நான்கே பெரும்பாலான காட்சிக்குப் போதும். கரும்புத் தோட்டத்துக்குக் கடைப் பச்சை வேண்டாம். மஞ்சளில் நீலத்தைச் சேர்த்து, சியன்னா ஒரு துளி விட்டால் நம்மூர்ப் பச்சை வரும். கோயில் கோபுரம் வரைபவர்கள் ஒவ்வொரு சிலைக்கும் அதன் நிறத்தைக் கொடுக்கப் போய்த்தான் சிக்குகிறார்கள். தட்டுகளின் நிழலை நீலமும் சியன்னாவும் கலந்த சாம்பலில் முதலில் பிடித்துவிட்டு, நிறத்தை நாலைந்து இடத்தில் மட்டும் வையுங்கள். கோபுரம் தானே எழுந்து நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை மூடாதீர்கள். விசிறி போல விரித்து, இரவு முழுவதும் நிமிர்த்தி நிறுத்துங்கள். வண்ணப் பெட்டியும் திறந்தே இருக்கட்டும். மறுநாள் பக்கங்களுக்கிடையே கிளாசின் என்னும் மெல்லிய வழவழப்புத் தாளோ, கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் ஒட்டாத தாளோ வைத்து மூடலாம். நெளிந்த பக்கத்துக்கு, பின்புறம் படம் இல்லையென்றால், பின்புறத்தில் மட்டும் மிக லேசாக நீர் தெளித்து, இரு பக்கமும் உறிஞ்சுதாள் வைத்து, கனமான புத்தகங்களின் கீழ் இரண்டு நாள் விடுங்கள். உறிஞ்சுதாளை நடுவில் ஒருமுறை மாற்றுங்கள்.

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை கிளம்பும். மேட்டுநில வீடுகளில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை இது சாதாரணம். நன்றாகக் காய்ந்த நோட்டுகளை மட்டும், காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்; ஈர நோட்டைப் பிளாஸ்டிக்கில் அடைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான். பூஞ்சை, தாளின் மேலுள்ள பசைப்பூச்சையும் தின்றுவிடும். பழுப்புப் புள்ளி வந்த நோட்டில் எழுதாத பக்கமொன்றை நனைத்துப் பாருங்கள்: நீர் உடனே உள்ளே இறங்கிக் கரும்புள்ளியாகத் தெரிந்தால் பூச்சு போய்விட்டது, இனி பென்சிலுக்கும் குவாஷ் என்னும் ஒளி ஊடுருவாத நீர்வண்ணத்துக்கும்தான் அந்தத் தாள். படம் உள்ள பக்கங்களை முகக்கவசம் அணிந்து வெளியில் நிழலில் காயவைத்து, மென்மையான காய்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். அந்த நோட்டைப் புதியவற்றோடு ஒரே டப்பாவில் வைக்க வேண்டாம்.