ஆறு பெருகினால் மலையில் மழையா? தத்துவம் படிக்க வருவோரின் கேள்விகள்

பி.ஏ. தத்துவம் முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். முதல் வாரமே மெட்டாபிசிக்ஸ், எபிஸ்டமாலஜி, லாஜிக், எதிக்ஸ், ஏஸ்தெடிக்ஸ் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். இவை ஐந்து தனிப் பாடங்களா?
*– மாணவி, பாளையங்கோட்டை*

ஐந்து வகைக் கேள்விகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது உண்மையில் இருக்கிறது, அதன் இயல்பு என்ன என்று கேட்பது மெட்டாபிசிக்ஸ். அது நமக்கு எப்படித் தெரியும், தெரியும் என்று சொல்ல என்ன தகுதி வேண்டும் என்பது எபிஸ்டமாலஜி. சொன்ன காரணங்களிலிருந்து அந்த முடிவு வருகிறதா என்று பார்ப்பது லாஜிக். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது எதிக்ஸ். அழகும் கலையும் ஏஸ்தெடிக்ஸ்.

மெட்டாபிசிக்ஸ் என்றதும் பேய், பிசாசு, ஜாதகம் என்று நினைக்க வேண்டாம். நெல்லையப்பர் தேரைப் பாருங்கள். இந்த வருஷம் வடம் மாற்றுகிறார்கள், பிறகு ஒரு சக்கரம், பிறகு அச்சு, பிறகு மரச்சட்டங்கள் ஒவ்வொன்றாக. பழைய மரம் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை என்றால் ரத வீதியில் ஓடுவது அதே தேரா? ஏதென்ஸ்காரர்கள் பாதுகாத்துவைத்த, புராண வீரன் தீசியஸின் கப்பலைப் பற்றித் தத்துவவாதிகள் இதையே கேட்டதாக கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் ஒரு முடிச்சைக் கூட்டினார்: கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் இரண்டில் எது அசல்? ‘அதே’ என்ற சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொள்கிறோம் என்று தெளிவாக்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மெட்டாபிசிக்ஸின் வேலை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

கலைச்சொற்களில் ஒரு எச்சரிக்கை. மெட்டாபிசிக்ஸை ஒரு நூல் மெய்ப்பொருளியல் என்னும், இன்னொன்று மீவியற்பியல் என்னும். நோட்டின் கடைசி நாலு பக்கத்தை ஒதுக்கி, ஒவ்வொரு சொல்லும் எந்த நூலில் எப்படி வருகிறது என்று குறித்து வாருங்கள். இல்லாவிட்டால் ஒரே விஷயத்தை இரண்டு விஷயமாகப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

‘ஆத்துல செந்தண்ணி வருது, மலையில நல்ல மழை’ என்றார் ஆச்சி. ‘மழையெல்லாம் இல்ல ஆச்சி, டேமைத் தொறந்திருப்பாவ’ என்றேன். இதில் தத்துவம் ஏதும் உண்டா?
*– மாணவர், விக்கிரமசிங்கபுரம்*

நிறையவே உண்டு. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி (அறியும் வழிகளைப் பற்றி வாதிடுபவன்) கருத்தளவை, அதாவது அனுமானத்தை, பொது, எச்சம், முதல் என்று மூன்றாகப் பிரிக்கிறான். பொதுவை இப்போதைக்கு விடுங்கள். கருக்கொண்ட மேகத்தைப் பார்த்து மழை வரும் என்பது முதல். வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். உங்கள் ஆச்சி செய்தது எச்சம்.

நீங்கள் சொன்ன மறுப்புக்கும் வயது அதிகம். அடைப்பினாலும் ஆறு நிறைந்து காணலாமே, அப்படியிருக்க வெள்ளத்தை வைத்து மழையை எப்படி உறுதிசெய்வது என்று, நியாய தத்துவத்தின் மூலநூலான நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்திலேயே கேள்வி எழுகிறது. உரைகாரர் வாத்ஸ்யாயனரின் பதில் படித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. நீர்மட்டம் உயர்ந்தது மட்டும் ஏது, அதாவது முடிவுக்கு ஆதாரமான அடையாளம், ஆகாது. முன்பு ஓடிய தண்ணீரிலிருந்து இது வேறுபட்டிருக்க வேண்டும், ஓட்டம் வேகமாக இருக்க வேண்டும், நுரையும் பழமும் இலையும் கட்டையும் அடித்துவர வேண்டும் என்கிறார்.

இனி ஆச்சியின் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். தண்ணீர் கூடிவிட்டது என்று அவர் சொல்லவில்லை, செந்தண்ணி என்றார். அணையில் தேங்கும் தண்ணீரில் வண்டலின் பெரும்பகுதி அடியில் தங்கிவிடும். அதனால் அணைத் தண்ணீர் கரைபுரண்டு வந்தாலும் அவ்வளவாகச் சிவந்திருக்காது. ஆச்சியின் ஏது உங்கள் மறுப்பைப் பாதி தாண்டிவிட்டது. பாதிதான்; அணைக்குக் கீழே வந்து சேரும் ஓடைகளில் மழை கொட்டினாலும் ஆறு சிவக்கும், மலையில் ஒரு சொட்டும் விழாமல் இருக்கலாம்.

இதில் லாஜிக் எங்கே இருக்கிறது? ‘மழை பெய்தால் ஆறு பெருகும், ஆறு பெருகியிருக்கிறது, ஆகவே மழை பெய்தது’ என்ற வடிவம் செல்லாது; அதாவது முதல் இரண்டு வரிகளும் உண்மையாக இருந்தும் முடிவு பொய்யாகலாம். பெருகுவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். ‘மழை பெய்தால் ஆறு பெருகும், பெருகவில்லை, ஆகவே பெய்யவில்லை’ என்பது செல்லும். முதலாண்டில் அதிகம் பேர் தவறுவது இங்கேதான்: செல்லுபடியையும் உண்மையையும் குழப்பிக்கொள்கிறார்கள். ‘ஆற்று மீனெல்லாம் பேசும், அயிரை ஆற்று மீன், ஆகவே அயிரை பேசும்’ என்பது செல்லும் வாதம். முதல் வரி பொய், முடிவும் பொய். ஆனால் வடிவத்தில் குறையில்லை. வடிவத்தை ஒரு தடவை, வரிகளின் உண்மையை இன்னொரு தடவை என்று தனித்தனியே சோதியுங்கள்.

எபிஸ்டமாலஜிக்குக் கதையைக் கொஞ்சம் மாற்றுவோம். அன்று வந்த செந்தண்ணி முழுக்கக் கீழ் ஓடைகளில் பெய்த மழையால் வந்தது. ஆனால் யாருக்கும் தெரியாமல் மலையுச்சியிலும் மழை பெய்தது. அந்தத் தண்ணீர் அணைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஆச்சி சொன்னது உண்மை, அவரிடம் நல்ல காரணமும் இருந்தது. மலையில் மழை என்பது அவருக்குத் *தெரியும்* என்று சொல்வோமா? நம்பிக்கை, உண்மை, தக்க காரணம் மூன்றும் சேர்ந்தால் அறிவு என்ற விளக்கத்தை இப்படிப்பட்ட எடுத்துக்காட்டுகளால்தான் அமெரிக்கத் தத்துவவாதி எட்மண்ட் கெட்டியர் 1963இல் அசைத்தார். அவர் கட்டுரை மூன்றே பக்கம்.

உங்கள் ஊரில் பிறந்த சிவஞான முனிவர் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்ற பேருரை எழுதியது பலருக்குத் தெரியும். வடமொழித் தருக்க நூலான தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கியவரும் அவர்தான். லாஜிக் பாடம் நடக்கும்போது அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒழுக்கம் அவரவர் கருத்துதானே? அதில் படிக்க என்ன இருக்கிறது?
*– மாணவர், தென்காசி*

ஆளுக்கு ஆள் கருத்து மாறுகிறது என்பது ஒரு செய்தி. ஆகவே எதுவும் சரியில்லை, எதுவும் தவறில்லை என்பது வேறொரு கூற்று. முதலாவதிலிருந்து இரண்டாவது வராது. ஒரு கணக்குக்கு வகுப்பில் நாலு விடை வந்தால் அந்தக் கணக்குக்கு விடையே இல்லை என்று ஆகிவிடாது.

நமக்கெல்லாம் தெரிந்த 292ஆம் குறளை எடுங்கள். ‘பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.’ கொலைகாரன் வாசலில் நின்று உங்கள் நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் கட்டுரை எழுதினார் ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட். விளைவை எடைபோடும் ஆங்கிலத் தத்துவவாதி மில் வள்ளுவர் பக்கம் சாய்வார் என்று தோன்றும். ஆனால் ‘புரைதீர்ந்த’ என்ற சொல் வெறும் லாபக் கணக்கை அனுமதிக்கிறதா? யாருக்கு நன்மை, யாருக்கும் தீங்கில்லாத நன்மையா? அந்த ஒரு சொல்லின் மேல் இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள், கருத்துச் சொல்வதற்கும் காரணம் காட்டுவதற்கும் உள்ள தூரம் கைக்குத் தெரியும்.

இன்னொன்று. ஆற்றில் எவ்வளவு மணல் அள்ளினால் உறைகிணறு வற்றும் என்பதை அளந்து சொல்லலாம். அள்ளக் கூடாது என்பது அந்த அளவிலிருந்து மட்டும் வராது. ‘பிறர் குடிநீரைக் கெடுப்பது தவறு’ என்ற வரியும் கூட வேண்டும். ‘இருக்கிறது’ என்பதிலிருந்து ‘வேண்டும்’ என்பதற்குத் தாவும் இந்த இடத்தைச் சுட்டிக்காட்டியவர் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம். மேடைப் பேச்சில் அந்த வரி எங்கே விடுபடுகிறது என்று கவனித்துக் கேளுங்கள்.

மகள் தத்துவம் எடுக்கிறேன் என்கிறாள். பிழைக்க வழியுண்டா?
*– ஒரு தாய், சங்கரன்கோவில்*

யு.பி.எஸ்.சி. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தத்துவம் விருப்பப் பாடமாக இருக்கிறது. தாளுக்கு 250 வீதம் இரண்டு தாள், 500 மதிப்பெண். பொது அறிவு நான்காம் தாள் அறவியல், அதுவும் 250. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் (தேசியத் தகுதி) தேர்வும் தத்துவத்தில் உண்டு. வழி இருக்கிறது, ஆனால் தானாக வேலை கொடுக்கும் படிப்பு அல்ல. ஆங்கிலமோ சட்டமோ கூடப் படித்தால் கை ஓங்கும். மனோன்மணியம் சுந்தரனாரே தத்துவப் பேராசிரியர்தான் என்று அவளிடம் சொல்லுங்கள்.

பத்துப் பக்கத்தை மூன்று தடவை படித்தும் ஒன்றும் நிற்கவில்லை. எப்படிப் படிப்பது?
*– மாணவி, வள்ளியூர்*

நாவல் வேகத்தில் படிக்கிறீர்கள். மணிக்கு நாலைந்து பக்கம் போனால் போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் வாசிப்பில் கோடு போடாதீர்கள். ஆசிரியர் நம்மை எதை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கிறார் என்பதை மட்டும் கண்டுபிடித்து ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இரண்டாம் வாசிப்பில் அதற்கு அவர் தரும் காரணங்களை 1, 2, 3 என்று எண் போட்டு உங்கள் சொல்லில் எழுதுங்கள். ஐந்துக்கு மேல் போனால் எடுத்துக்காட்டையும் காரணமென்று எண்ணிவிட்டீர்கள். பிறகு எந்த எண்ணை உருவினால் முடிவு விழும் என்று பாருங்கள். மறுப்பு எழுத வேண்டியது அந்த எண்ணுக்குத்தான். பெரும்பாலோர் முடிவைத் திட்டிவிட்டு மறுத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். பேராசிரியர் மதிப்பெண் குறைப்பது அதனால்தான். ‘பிளேட்டோ சொன்னார், காண்ட் சொன்னார்’ என்று பெயரை அடுக்குவதும் அப்படியே. அவர் ஏன் சொன்னார் என்பதற்கே மதிப்பு.

பிளேட்டோவின் யூதிஃப்ரோ உரையாடலில் தொடங்குங்கள். தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று புனிதமா, புனிதமாக இருப்பதால் விரும்புகின்றனவா என்ற இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவையுங்கள். உங்கள் பதிலை ஐந்து வரியில் எழுதிய பிறகு, சாக்ரடீஸ் அடுத்து என்ன கேட்கிறார் என்று திறந்து பாருங்கள்.