ஒரு கிலோ நூல் எத்தனை கிலோ?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் நடத்துகிறோம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து இரண்டு வருடமாக நான்தான் பார்க்கிறேன். அவர் கணக்கெல்லாம் நீள நோட்டில். இப்போது பீஸுக்கு எவ்வளவு நூல், என்ன அடக்கம் என்று கம்ப்யூட்டரிலேயே தெரிய வேண்டும். இருக்கிற டேலி கணக்கு மென்பொருளையே அதற்குத் தகுந்தாற்போல் மாற்றித் தருகிறேன் என்கிறார் புரோகிராமர். சரக்கு, தயாரிப்பு, கணக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் இஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருள் போடலாம் என்கிறான் தம்பி. எது நல்லது? நிட்டிங் கழிவு 1, சாயம் 6, கட்டிங் 18, ஆக 25 சதவீதம் சேர்த்துவிட்டால் போதும் என்கிறார்கள், சரியா? நூலுக்குச் சராசரி விலை போடுவதா, முதலில் வந்த விலையா? நோட்டில் சில வரிகளின் ஓரத்தில் அப்பா 'ஈ' என்று எழுதியிருக்கிறார். அதை எங்கே ஏற்றுவது என்று தெரியவில்லை. அவரைத் தொந்தரவு செய்ய மனமில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எழுத வருவதற்கு முன் ஒரு பனியன் கம்பெனியில் நான் கணக்கு எழுதினேன். அங்கே வேலை செய்த நிட்டிங்காரர் ஒருவரின் முகம் பத்து நாளாகக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

எந்த மென்பொருள் என்கிறீர்களா? எதையோ ஒன்றை வாங்குங்கள். ஒரு பீஸுக்கு என்னென்ன சரக்கு, எவ்வளவு என்று பட்டியல் போட இரண்டிலும் இடமிருக்கிறது. சராசரியா முதல் விலையா என்பதை ஆடிட்டர் சொல்லட்டும். ஆர்டருக்கு ரேட் கொடுக்கும்போது மட்டும் நூலின் அன்றைய விலையைப் போடுங்கள். 2022 மே மாதம் நூல் விலை தாங்காமல் ஊரே வேலையை நிறுத்தியது நினைவிருக்கும். கையிருப்பு நூலின் பழைய விலையில் ஆர்டர் பிடித்தவர்கள் பட்ட பாட்டைக் கிட்ட இருந்து பார்த்தேன்.

ஆனால் அந்த 25 சதவீதம்! அம்மிணி, அதைச் சொல்லிக்கொடுத்தவரை முதலில் ஒரு வாரம் கட்டிங் டேபிளில் நிற்கச் சொல்லுங்கள். 100 கிலோ நூல் போட்டால் நிட்டிங்கில் 99 கிலோ துணி வரும். அதில் 6 சதவீதம் சாயப்பட்டறையில் போனால் மிச்சம் 93. அந்த 93-இல் 18 சதவீதம் வெட்டில் விழுந்தால் கையில் நிற்பது 76.3 கிலோ. 150 கிராம் பீஸுக்கு 25 சதவீதம் கூட்டினால் 187.5 கிராம் நூல். உண்மையில் வேண்டியது 150-ஐ 0.763-ஆல் வகுத்து வரும் 196.6 கிராம். ஒன்பது கிராம் துண்டு விழுகிறது. நூல் கிலோ 300 ரூபாய் என்றால் பீஸுக்கு இரண்டே முக்கால் ரூபாய். பத்தாயிரம் பீஸுக்கு இருபத்தேழாயிரம். கூட்டிக் கணக்குப் போட்டவர் தருவாரா?

வெள்ளைக்கு ஒரு கழிவு, கறுப்புக்கு வேறு கழிவு என்று அப்பா நோட்டில் கட்டாயம் இருக்கும். கட்டிங் வேஸ்ட் விற்ற காசை டீச்செலவில் சேர்க்கிறீர்கள், தெரியும். அதையும் அந்தந்த ஆர்டரில் கழியுங்கள்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. சதவீதத்தை ஒருமுறை ஏற்றிவிட்டால், பீஸை எண்ணி அதற்கான நூலை மென்பொருள் தானே ஸ்டாக்கில் கழித்துவிடும். திரையில் எல்லாம் நேராக இருக்கும், குடோனில் இருக்காது. அந்த வசதியை நிறுத்தச் சொல்லுங்கள். லாட் வாரியாகப் போன எடை, வந்த எடை, தேதி. தராசில் பார்த்ததை மட்டும் கையால் ஏற்றுங்கள். கழிவு எவ்வளவு என்பதை அது சொல்லட்டும், நாம் அதற்குச் சொல்ல வேண்டாம்.

தேதி எதற்கு என்பீர்கள். அங்கேதான் அந்த நிட்டிங்காரர் வருகிறார். திண்டுக்கல் பக்கத்து ஆள், பேச்சே கிடையாது. ஐப்பசி மழையில் எடை போட்டு இறக்கிய நூல் பங்குனியில் மெஷினுக்குப் போனது. துணியாகி வந்தபோது 50 கிலோ மூட்டைக்கு ஒன்றேகால் கிலோ குறைவு. நான் பேரேட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "நூல் எங்கே போச்சு?" என்று பத்துப் பேர் நடுவில் கத்தினேன். அவர் விரலில் ஒட்டியிருந்த பஞ்சை உருட்டிக்கொண்டே நின்றார்.

முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நூல் கோனை எடை போட்டுச் சுவரில் கரிக்கோடு கிழித்து எழுதினார். ஈரச்சாக்கு மூடிய பானைப் பக்கம் அதை ராத்திரி முழுக்க வைத்தார். காலையில் என்னையே எடை போடச் சொன்னார். முள் கரிக்கோட்டு எண்ணைத் தாண்டி நின்றது. பருத்தி காற்றிலிருந்து தண்ணீர் குடிக்கும். ஈரமே இல்லாமல் காயவைத்த 100 கிலோவை வியாபாரத்தில் 108.5 கிலோ என்று கணக்கு வைப்பதே அதனால்தான். பங்குனி வெயிலில் அந்தத் தண்ணீர் போய்விடும். நான் திருடன் என்றது ஒரு மழைக்காலத்தை.

அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது ஊருக்குப் போய்விட்டிருந்தார். திரும்பி வரவில்லை.

'ஈ'யைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஈரமாக இருக்கலாம். ஈரோட்டுக்குச் சாயத்துக்குப் போன லாட்டாகவும் இருக்கலாம். படுத்திருக்கிறவரிடம் மருந்து சாப்பிட்டாயா என்றே எத்தனை நாள் கேட்பீர்கள்? இன்றைக்கு நோட்டை எடுத்துப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து இதைக் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.