கவிஞர் உருவப்படங்களின் கீழ் எந்த நாட்டைக் குறிப்பது?

கேள்வி: ஓர் ஓவியர் வரைந்த கவிஞர் உருவப்பட வரிசைக்குக் கண்காட்சிக் கையேடு தயாரித்து வருகிறேன். படத்தின் கீழ் கவிஞரின் பெயர், வாழ்ந்த ஆண்டுகள், நாடு ஆகியவற்றை ஒரே வரியில் தர வேண்டும். எலியட், ஆடன், பால் செலான், ஷேமஸ் ஹீனி, இக்பால் ஆகியோரிடம் வந்ததும் நாட்டைக் குறிக்க வேண்டிய இடத்தில் கை நின்றுவிடுகிறது. என்ன எழுதுவது?

பதில்: கை நின்றது நல்லதே. ‘நாடு’ என்று நீங்கள் ஒதுக்கியிருக்கும் அந்தச் சிறிய இடத்தில் பிறந்த ஊர், குடியுரிமை, எழுதிய மொழி, கவிஞர் தம்மை யாராகக் கருதினார் என்பது ஆகிய நான்கு செய்திகள் நெருக்கியடித்து நிற்கின்றன. பலருக்கு இந்த நான்கும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால் சிக்கல் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எளியவர்களை முதலில் முடித்துவிடலாம். எலியட் 1888இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்து, 1927இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். ஆடன் 1907இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்து, 1946இல் அமெரிக்கக் குடிமகனானவர். இருவருக்கும் ‘அமெரிக்காவில் பிறந்த பிரிட்டிஷ் கவிஞர்’, ‘இங்கிலாந்தில் பிறந்த அமெரிக்கக் கவிஞர்’ என்று எழுதினால் போதும். ‘ஆங்கிலோ-அமெரிக்கக் கவிஞர்’ என்ற இணைப்புச் சொல்லை நான் தவிர்ப்பேன். யார் எங்கிருந்து எங்கே போனார் என்பதை அது மறைத்துவிடுகிறது.

செலானுக்கு இந்த வாய்பாடு பொருந்தாது. அவர் 1920இல் பிறந்த செர்னோவிட்ஸ் நகரம் அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. அவர் பிறந்தபோது ருமேனியாவில் இருந்தது. இன்று உக்ரைனில் செர்னிவ்ட்சி என்ற பெயரில் இருக்கிறது. யூதக் குடும்பத்தில் பிறந்து, ஜெர்மன் மொழியில் எழுதி, 1955இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று, 1970இல் பாரிஸில் மறைந்தார். இவரை ‘ருமேனியக் கவிஞர்’ என்றாலும் ‘பிரெஞ்சுக் கவிஞர்’ என்றாலும் சட்டப்படி தவறில்லை; ஆனால் படத்தின் முன் நிற்பவருக்கு இரண்டுமே தவறான செய்தியைத் தந்துவிடும். நான் இப்படி எழுதுவேன்:

பால் செலான் (1920–1970). ஜெர்மன் மொழிக் கவிஞர். பிறப்பு: செர்னோவிட்ஸ், ருமேனியா (இன்று செர்னிவ்ட்சி, உக்ரைன்). வாழ்ந்து மறைந்தது: பாரிஸ்.

இதில் ‘ஜெர்மன் மொழிக் கவிஞர்’ என்பதிலுள்ள ‘மொழி’ என்ற சொல்லை இடம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள். தமிழில் ‘ஜெர்மன் கவிஞர்’, ‘ஆங்கிலக் கவிஞர்’, ‘ஸ்பானியக் கவிஞர்’ என்றெல்லாம் எழுதும்போது மொழியைச் சொல்கிறோமா, நாட்டைச் சொல்கிறோமா என்பது தெளிவாவதில்லை. சிலி நாட்டின் நெரூடாவை ஸ்பெயின்காரராக்குவதற்கு இந்த ஒரு சொல் விடுபட்டாலே போதும்.

பிறந்த ஊரைக் குறிப்பிடும்போது, பிறந்த காலத்தில் அது எந்த ஆட்சியில் இருந்ததோ அதை முதலிலும், இன்றைய நாட்டை அடைப்புக்குறிக்குள்ளும் தருவதே முறை. இக்பாலுக்கு இது கட்டாயம். 1877இல் சியால்கோட்டில் பிறந்த அவர் 1938இல் மறைந்தார். பாகிஸ்தான் உருவானது 1947இல். அந்நாடு அவரைத் தன் தேசியக் கவிஞராகப் போற்றுகிறது என்பது அவருக்குக் கிடைத்த பெருமையே தவிர, அவர் வைத்திருந்த குடியுரிமை அன்று. எனவே ‘உருது, பாரசீக மொழிக் கவிஞர், பிறப்பு: சியால்கோட், பிரிட்டிஷ் இந்தியா (இன்று பாகிஸ்தான்)’ என்று எழுதுங்கள்.

ஹீனியிடம் மட்டும் கவிஞரின் சொந்தக் குரலே நமக்கு வழிகாட்டி. வடக்கு அயர்லாந்தில் பிறந்த அவரைச் சமகால பிரிட்டிஷ் கவிஞர்களின் தொகுப்பு ஒன்றில் 1982இல் சேர்த்திருந்தார்கள். தம் கடவுச்சீட்டு பச்சை நிறமுடையது, அதாவது அயர்லாந்துக் குடியரசினுடையது என்று அடுத்த ஆண்டே ஒரு கவிதையில் அவர் மறுத்துரைத்தார். பிறந்த மண் ஐக்கிய இராச்சியத்தில் இருக்கிறது என்று வாதிட இடம் உண்டுதான். ஆனால் ஒருவர் தெளிவாக மறுத்த அடையாளத்தை அவர் முகத்தின் கீழேயே ஒட்டுவது முறையாகாது. ‘ஐரிஷ் கவிஞர், பிறப்பு: டெரி கவுண்டி, வடக்கு அயர்லாந்து’ என்பதே சரி.

உருவப்படங்களுக்கே உரிய குழப்பம் இன்னொன்றும் உண்டு. ஓவியப் படக்குறிப்புகளில் ஓவியரின் நாட்டைக் குறிப்பது வழக்கம் என்பதால், கவிஞரின் பெயருக்குப் பக்கத்தில் நாட்டின் பெயர் மட்டும் தனியாக நின்றால், அது வரைந்தவருடையதா வரையப்பட்டவருடையதா என்று பார்வையாளர் தடுமாறுவார். நான் திருத்திய ஒரு கையேட்டில் வடிவமைப்பாளர் இரண்டு வரிகளை ஒன்றாக்கியதால், கவிஞர் அனைவரும் ஓவியரின் நாட்டவராகிவிட்டனர். அச்சுக்குப் போகும் முன் தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. ஓவியரின் விவரம் வரிசை முழுவதற்கும் பொதுவானது என்பதால் அதை முகப்புப் பலகையில் ஒருமுறை தந்துவிட்டு, படங்களின் கீழ் கவிஞரைப் பற்றி மட்டும் எழுதுங்கள். ஒரே வரி வேண்டும் என்ற ஓவியரிடம் செலானின் குறிப்பைக் காட்டி, இரண்டு வரிக்கு இடம் கேளுங்கள்.