உடை மாற்றும் அறையில் படமெடுத்தவன் மீது எஃப்ஐஆர் போட மறுக்கிறார்கள்

துணிக்கடையில் தன்னைப் படமெடுத்தவன் மீது புகார் கொடுக்கப் போன உங்கள் தங்கையை, “இதைவிடப் பெரிய கேஸ் இருக்கு” என்று சொல்லி ஸ்டேஷனிலிருந்து திருப்பி அனுப்ப முடியாது. துணிக்கடை அறையில் உடை மாற்றும் பெண்ணைப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) பிரிவு 77இல் வரும். முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும், அதுவும் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும்.

கையில் கொடுத்த ரசீதைப் பாருங்கள். சிஎஸ்ஆர் (மனு ரசீது) என்று இருந்தால் மனுவை மட்டும் வாங்கி வைத்திருக்கிறார்கள், எஃப்ஐஆர் போடவில்லை; வழக்கமான வேலைதான்!

அப்புறம், புகாரை எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அவரும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடுங்கள்.

தெருவில் முழு உடையில் இருக்கும்போது எடுத்த படத்துக்கு இந்த 77 பொருந்துவது கஷ்டம். சட்டத்தின் ஓட்டை அங்கேதான்.