முப்பது டயல் இறக்கியும் ஒன்றும் சரிவரவில்லையா, சிஸ்டர்?

மதுரையிலிருந்து ஒரு செவிலியர் கேட்டிருக்கிறார். வயது 44, தனியார் மருத்துவமனை வார்டில் மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வேலை. மகன் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்வாட்ச், கூகுளின் 'வேர் ஓஎஸ்' மென்பொருளில் ஓடுவது, வட்ட டயல், அமோலெட் திரை. "முப்பது டயலுக்கு மேல் இறக்கிப் பார்த்துவிட்டேன். படத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. கையில் கட்டினால் எழுத்து தெரியவில்லை, பல்ஸ் பார்க்கும்போது பாதியில் விநாடி முள்ளைக் காணோம், சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. கல்யாணம் காட்சிக்குப் பட்டுப்புடவையோடு கட்டிக்கொண்டு போகவும் நன்றாக இருக்க வேண்டும். எந்த டயலை வைப்பது?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தப்பு உங்கள் மேல் இல்லை. ஆப் ஸ்டோரில் காட்டுகிற படம் அப்படி. இரண்டு முள்ளும் 10 மணி 10 நிமிடத்தில் கை விரித்து நிற்க, முழு வெளிச்சத்தில் எடுத்து வைத்த படம் அது. உங்கள் கையில் அந்தக் கோலத்தில் அது இருக்கப்போவது ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள்தான். மீதி நேரமெல்லாம் மங்கிய நிலை, 'ஆல்வேஸ் ஆன்' என்கிறார்களே, அந்த அரைத்தூக்கம். மாப்பிள்ளை போட்டோவை மட்டும் பார்த்துச் சம்பந்தம் பேசின கதைதான். நானும் சில டயல்கள் வரைந்து வெளியிட்டவன் என்பதால் உள்விஷயம் தெரியும்: விழித்த முகத்தை வாரக்கணக்கில் இழைத்துவிட்டு, மங்கிய முகத்தைக் கடைசி அரைமணி நேரத்தில் ஒப்பேற்றுவோம். மங்கிய நிலையில் திரையின் புள்ளிகளில் 15 சதவீதத்துக்கு மேல் எரியக் கூடாது என்று கூகுள் வேறு சொல்லியிருக்கிறது, அதனால் படத்தில் மயக்கிய தங்க நிறமும் பூ வேலையும் அதில் வரவே வராது.

ஆகவே டயலை இறக்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, உள்ளங்கையால் திரையை ஒரு முறை மூடி எடுப்பது. வாட்ச் மங்கிய நிலைக்குப் போய்விடும். இப்போது மணி தெரிகிறதா, நிமிட முள் எது, மணி முள் எது என்று சட்டென்று பிரித்துப் பார்க்க முடிகிறதா? இல்லையென்றால் அந்த டயல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அழித்துவிடுங்கள். உங்கள் முப்பதில் இருபது இந்த ஒரு சோதனையிலேயே போய்விடும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது விநாடி முள் விவகாரம். உங்களுக்கு இதுதான் தலையாய விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். நீங்கள் வலது கை விரல்களை நோயாளியின் மணிக்கட்டில் வைத்து, இடது கையில் வாட்சைப் பார்க்கிறீர்கள். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம் (துடிப்பு சீராக இல்லாதவருக்கு முழு நிமிடமும் எண்ணுவீர்கள், அதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை). டிஜிட்டல் டயலில் ஆரம்பிக்கும்போது 17 என்று காட்டினால் 47-இல் நிறுத்த வேண்டும். அந்த 47-ஐயும் மனதில் வைத்துக்கொண்டு, இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று துடிப்பையும் எண்ணினால் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். முள் உள்ள டயலில் அந்தத் தொந்தரவே கிடையாது, விநாடி முள் இருக்கிற இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் வந்தால் 30 விநாடி, அவ்வளவுதான். கணக்கு இல்லாமல் கண்ணே பார்த்துக்கொள்ளும். அதனால் வார்டுக்கு முள் டயல்தான் என் சிபாரிசு. விநாடி முள் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில், ஓரத்து கோடுகளைத் தொடுகிற நீளத்தில் இருக்கட்டும், ஐந்து விநாடிக்கு ஒரு தடித்த கோடாவது இருக்கட்டும். கீழே பொத்தான் அளவுக்குக் குட்டி வட்டம் போட்டு அதில் விநாடி ஓடுகிற டயல் பார்க்க லட்சணமாக இருக்கும், உங்கள் வேலைக்கு ஆகாது.

இங்கே ஒரு சுவாரசியமான பொறி இருக்கிறது. சுவிட்சர்லாந்து ரயில் நிலையக் கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள், வெள்ளைத் தட்டு, தடித்த கறுப்புப் பட்டைகள், நுனியில் வட்டம் வைத்த சிவப்பு விநாடி முள். ஹான்ஸ் ஹில்ஃபிகர் என்ற பொறியாளர் 1944-இல் வடிவமைத்தது (சிவப்பு முள்ளை 1950-களில் சேர்த்தார்), தூரத்திலிருந்து படிக்க அதைவிடத் தெளிவான டயல் அபூர்வம், அதே பாணியில் வாட்ச் டயல்களும் நிறைய உண்டு. ஆனால் அசல் கடிகாரத்தில் அந்தச் சிவப்பு முள் ஏறத்தாழ 58.5 விநாடியிலேயே சுற்றை முடித்துவிட்டு, 12-இல் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். நிமிட முள் நகர்ந்த பிறகுதான் மறுபடி கிளம்பும். விசுவாசமாக நகலெடுத்த சில டயல்களில் இந்த நிற்றலையும் சேர்த்தே செய்திருப்பார்கள். அதை வைத்து எண்ணினால் ஒன்றிரண்டு துடிப்பு பிசகும். 12-ஐ முள் தாண்டும்போது தயங்குகிறதா என்று ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு வையுங்கள்.

பாதியில் முள் காணாமல் போவதற்குக் காரணம் டயல் இல்லை, செட்டிங். கையைத் தூக்கியதும் விழிக்கிற திரை பல வாட்ச்களில் 15 விநாடி போல இருந்துவிட்டு மங்கிவிடும். மங்கிய நிலையில் பெரும்பாலான டயல்கள் நிமிடத்துக்கு ஒரு முறைதான் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதால் விநாடி முள்ளை அப்படியே ஒளித்துவிடுவார்கள். நீங்கள் 30 எண்ணுவதற்குள் அது பதினைந்திலேயே கம்பி நீட்டிவிடுகிறது. டிஸ்ப்ளே செட்டிங்கில் 'ஸ்க்ரீன் டைம்அவுட்' என்று இருக்கும், அதை 30 விநாடிக்கு மேல் எவ்வளவு போகிறதோ அவ்வளவுக்கு மாற்றுங்கள். இன்னொரு வழியும் உண்டு, எனக்கு இதுதான் பிடித்தது: டைமரை 30 விநாடிக்கு வைத்து, அதற்கான குறுக்குவழியை டயலிலேயே ஒரு மூலையில் போட்டுவிடுங்கள். தட்டிவிட்டு எண்ண ஆரம்பித்தால் முடிந்ததும் மணிக்கட்டில் அதிரும், வாட்சைப் பார்க்கவே வேண்டாம், நோயாளி முகத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணலாம். ஒரே குறை, கையுறை போட்டிருந்தால் தட்டுவது சரியாக எடுக்காது. 'தட்டினால் தேதி வரும், இரண்டு தரம் தட்டினால் ஸ்டெப்ஸ் வரும்' என்று வித்தை காட்டுகிற டயல்களும் அதே காரணத்தால் உங்களுக்கு வேண்டாம்.

சார்ஜ் விஷயத்துக்கு வருவோம். அமோலெட் திரையில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது என்று அர்த்தம், மின்சாரம் எடுக்காது. வெள்ளைத் தட்டு டயல் முழுத் திரையையும் எரிக்கும். எனவே கறுப்புப் பின்னணி டயல் உண்மையிலேயே மிச்சம் பிடிக்கும். (உங்களுக்கு இது பொருந்தும், ஆனால் விலை குறைந்த வாட்ச் பலவற்றில் இருப்பது எல்சிடி திரை, அதில் பின்னால் விளக்கு எப்போதும் எரிவதால் கறுப்பு வைத்தாலும் வெள்ளை வைத்தாலும் ஒன்றுதான். இருட்டறையில் கறுப்பு டயலை விழிக்க வைத்துப் பாருங்கள், கறுப்பு சாம்பலாகப் பளபளத்தால் எல்சிடி, ஓரத்துச் சட்டத்தோடு கலந்து மறைந்தால் அமோலெட்.) ஓடுகிற மேகம், நீந்துகிற மீன், வழுக்கிக்கொண்டு போகிற விநாடி முள் எல்லாம் திரை விழித்திருக்கும்போது விநாடிக்குப் பல முறை வரைய வைக்கும், டைம்அவுட்டை வேறு நீட்டியிருக்கிறீர்கள், அதனால் டிக் டிக் என்று குதிக்கிற முள்ளே போதும், எண்ணவும் அதுதான் வசதி. இவ்வளவும் செய்து பார்த்தும் போதவில்லையென்றால் ஆல்வேஸ் ஆனை அணைத்துவிடுங்கள், இருப்பதிலேயே பெரிய மிச்சம் அதில்தான். ஆனால் அப்போது கையைத் தூக்கினால்தான் மணி தெரியும், இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது ஓரக்கண்ணால் பார்க்க முடியாது. எது உங்களுக்குச் சரி என்று ஒரு ஷிஃப்ட் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எழுத்து தெரியவில்லை என்றால், 44 வயதில் வெள்ளெழுத்து வருகிற நேரம், கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு வேலை செய்கிற ஆளாக இருந்தால் இன்னும் கஷ்டம். வெறும் கண்ணால் படிக்க முடிகிற டயல் மட்டும் உங்கள் டயல். தடித்த முள், 12, 3, 6, 9 மட்டுமாவது பெரிய எழுத்தில். கறுப்பில் சாம்பல் எழுத்து, கருநீலத்தில் ஊதா எழுத்து போன்றவை வடிவமைப்பாளருக்கு மட்டும் பிடிக்கும்.

டயலில் மணியைத் தவிர வேறு எதைக் காட்டினாலும் கடிகாரக்காரர்கள் அதற்கு 'காம்ப்ளிகேஷன்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். பேருக்கேற்ற மாதிரி சிக்கல்தான். வெப்பநிலை, நாடித்துடிப்பு, நிலவின் பிறை, உலக நேரம் என்று எட்டு இடம் கொடுத்த டயலில் எட்டையும் நிரப்பிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். இரண்டு நாள் ஒரு சின்ன வேலை செய்யுங்கள்: வாட்சைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எதற்காகப் பார்த்தேன் என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். மணி, விநாடி, கேஸ் ஷீட்டில் எழுதத் தேதி, பேட்டரி. அநேகமாக இந்த நான்கோடு முடிந்துவிடும். பிறை பார்க்க வீட்டில் தினசரி காலண்டர் இருக்கிறதே. இன்னொன்று, டயலில் தெரிகிற எண் எல்லாம் அந்த நொடியின் எண் என்று நம்ப வேண்டாம். பேட்டரியை மிச்சம் பிடிக்க இவற்றை அவ்வப்போதுதான் புதுப்பிப்பார்கள். தானாகக் கேட்டு வாங்குகிற தகவலுக்கு வேர் ஓஎஸ் வைத்திருக்கிற குறைந்தபட்ச இடைவெளியே 5 நிமிடம். டயலின் ஓரத்தில் 78 என்று நிற்கிற உங்கள் துடிப்பு எப்போதோ அளந்ததாக இருக்கலாம்.

இரவு ஷிஃப்டுக்குத் தனியாக ஒரு டயல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு விளக்கணைத்த வார்டில் கையைத் தூக்கியதும் வெள்ளையாக ஒரு தட்டு பளீரென்று எரிந்தால், தூங்குகிற நோயாளி முழித்துக்கொள்வார், இருட்டுக்குப் பழகிய உங்கள் கண்ணும் கூசிப்போகும். கறுப்பில் சிவப்பு எழுத்து நல்லது, இருட்டுக்குப் பழகிய கண்ணைச் சிவப்பு அதிகம் கெடுக்காது. ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவில் முழு டயலும் இரவில் சிவப்பாக மாறுவது அதற்காகத்தான்.

கல்யாணத்துக்கு? அங்கே உங்களுக்கு விநாடி வேண்டாம், பேட்டரி சதவீதம் வேண்டாம். இரண்டு முள், கோடுகள், சந்தன நிறமோ தங்க நிறமோ புடவை ஜரிகைக்குத் தோதாக ஒரே ஒரு நிறம். பாதி அழகு டயலில் இல்லை, ஸ்ட்ராப்பில் இருக்கிறது, ரப்பர் ஸ்ட்ராப்பைக் கழற்றி உலோகமோ தோலோ மாட்டினாலே வாட்ச் வேறு ஜாதியாகிவிடும். பிரபலமான சுவிஸ் கடிகாரங்களின் பேரும் முத்திரையும் போட்ட டயல் இலவசமாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள், அது அடுத்தவர் சொத்து. சாம்சங் தன் ஆப் ஸ்டோரில் இப்படிப்பட்ட டயல்களை அனுமதித்ததற்காக, சுவிஸ் கடிகார நிறுவனமான ஸ்வாட்ச் குழுமம் அதைக் கோர்ட்டுக்கு இழுத்து, 2022-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தது. பட்டுப்புடவைக்குப் போலி முத்திரை பொருத்தமும் இல்லை.

மகன் வாட்சில் பார்த்த பழைய டயல் எனக்குக் கிடைக்கவில்லையே என்றால் ஆச்சரியப்படாதீர்கள். 2023-இல் 'வாட்ச் ஃபேஸ் ஃபார்மட்' என்று கூகுள் ஒரு புது முறை கொண்டுவந்து, 2026 ஜனவரியிலிருந்து அதில் செய்த டயல்களைத்தான் நிறுவ முடியும் என்று ஆக்கிவிட்டது. பழைய முறை டயல்கள் தனி ஆப் போல ஓடின. புது முறையில் வடிவமைப்பாளர் வரைபடத்தை மட்டும் கொடுக்க, வரைகிற வேலையை வாட்சே பார்த்துக்கொள்ளும், பேட்டரிக்கும் அது நல்லது.

கடைசியாக ஒன்று, உங்கள் மருத்துவமனையில் வார்டுக்குள் கைக்கடிகாரம் அனுமதியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் தொற்று பயத்தால் நோயாளியைத் தொடுகிறவர்கள் முழங்கைக்குக் கீழே கைக்கடிகாரம், வளையல் போன்றவை அணியக் கூடாது என்று விதி, அங்கே செவிலியர்கள் சட்டையில் குத்துகிற கடிகாரம்தான் வைத்திருப்பார்கள். அதில் டயல் தலைகீழாக இருக்கும், குனிந்து பார்க்கிறவருக்கு நேராகத் தெரிவதற்காக. எதிரே நிற்கிறவருக்கு அது எப்படித் தெரிந்தால் என்ன?

சரி, மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுங்கள்: பகல் வார்டு, இரவு வார்டு, விசேஷம். டயலை அழுத்திப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளினால் மாறிவிடும். டைம்அவுட்டை மாற்றியும் எண்ணி முடிப்பதற்குள் முள் மறைந்தால் வாட்ச் மாடல் பெயரோடு மறுபடி எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.