முன்பணம் கட்டாதீர்கள், அம்மா

கேள்வி: நாங்கள் கொருக்குப்பேட்டை. வீட்டுக்காரர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மகன் பிளஸ் டூவில் கணக்கு குரூப், 600-க்கு 486. எட்டாவது வரை அரசு உதவி பெறும் பள்ளி, அப்புறம் மாநகராட்சிப் பள்ளி, எல்லாம் தமிழ் வழி. எங்கள் வீட்டில் யாரும் டிகிரி படித்ததில்லை. 25,000 ரூபாய் முன்பணம் கட்டினால் பொறியியல் கல்லூரியில் 'முழு ஸ்காலர்ஷிப்' சீட் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். மகனுடைய டிசியையும் வாங்கி வைத்திருக்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மீதியை நிதானமாகப் படியுங்கள்.

அந்த 'முழு ஸ்காலர்ஷிப்' என்னவென்று எனக்குத் தெரியும். பல வருஷம் அட்மிஷன் மேஜையில் உட்கார்ந்தவன் நான். உங்கள் பையனை, கல்லூரி நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும் மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ப்பார்கள். முதல் வருஷம் ஏதோ தள்ளுபடி கிடைக்கும். இரண்டாம் வருஷம் பஸ் கட்டணம், டிரெயினிங் கட்டணம் என்று ஒவ்வொன்றாக முளைக்கும். சேர்த்துவிட்டவர் தலைக்கு இவ்வளவு என்று கமிஷனை வாங்கிக்கொண்டு போயிருப்பார், போன் எடுக்க மாட்டார்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. உங்கள் மகன் முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகப்போகிறவன். பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் அரசு நடத்தும் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால், அவன் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. கட்டணமும் வேறு. 2017-ல் சாதாரணத் தனியார் பொறியியல் கல்லூரிக்கு நிர்ணயித்தபோதே வருஷத்துக்குக் கவுன்சலிங் சீட் 50,000, மேனேஜ்மென்ட் சீட் 85,000 என்றுதான் வைத்தார்கள். அதே வகுப்பு, அதே பெஞ்ச், அதே வாத்தியார். உள்ளே வந்த வாசல் மட்டும்தான் வேறு.

"சீட் போயிடும்" என்று பயமுறுத்துவார்கள். ஒவ்வொரு வருஷமும் கவுன்சலிங் முடிந்த பிறகும் ஆயிரக்கணக்கில் பொறியியல் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன, துணைக் கவுன்சலிங் வேறு நடத்துகிறார்கள். போவதற்கு என்ன இருக்கிறது? தப்பு நம் ஏற்பாட்டிலும் இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரி சேர்க்கை முன்னாலேயே ஆரம்பித்துவிடும், பொறியியல் கவுன்சலிங் அப்புறம் வந்து மாதக்கணக்கில் இழுக்கும். நடுவில் பெற்றவர்கள் தவிக்கும் அந்த இடைவெளிதான் புரோக்கர்களின் அறுவடைக் காலம். இரண்டையும் ஒரே கால அட்டவணையில் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை.

அந்த இடைவெளியை நீங்கள் இப்படிக் கடந்துவிடலாம். இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பம், ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆர்.கே. நகர் அரசுக் கல்லூரி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் கல்லூரி, கடற்கரையில் மாநிலக் கல்லூரி, மூன்றையும் போடுங்கள். பி.எஸ்சி. கணிதமோ கணினி அறிவியலோ கிடைத்தால் சேர்த்துவிடுங்கள். கல்விக் கட்டணமே கிடையாது, மற்ற கட்டணங்கள் சில ஆயிரம்தான், பஸ் பாஸும் இலவசம். பிறகு பொறியியலில் நல்ல கல்லூரி வந்தால் மாறிக்கொள்ளலாம். வராவிட்டால் அங்கேயே படிக்கட்டும், அதில் குறைவு ஒன்றுமில்லை.

அரசு உதவி பெறும் கல்லூரிக்குப் போவதானால், உதாரணமாக பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரி, ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "இந்த கோர்ஸ் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" பல எய்டட் கல்லூரிகளில் ஒரே கட்டடத்தில் ஒரு ஷிப்ட் எய்டட், இன்னொரு ஷிப்ட் சுயநிதி. கட்டணம் பல மடங்கு மாறும். வாசலில் ஒரே போர்டுதான் தொங்கும். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இலவசக் கல்வித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதன் இணைப்புக் கல்லூரிகளில் ஏழை மாணவர்களுக்கு இடம் தருவார்கள். ரிசல்ட் வந்து பதினைந்து நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் பாதிப் பேருக்குத் தெரிவதற்குள் முடிந்துவிடுகிறது.

இப்போது எல்லோரும் குழம்பும் இடம். தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் சேர்ந்தால் கட்டணம் முழுவதும் அரசே கட்டும். புரோக்கர் அதைத்தான் உங்களிடம் 'முழு ஸ்காலர்ஷிப்' என்று விற்றிருக்கலாம். மகனுக்கு அது கிடைக்காது அம்மா. ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வருஷமும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி கணக்கில் வரும். எய்டட் பள்ளி வராது. வாத்தியார் சம்பளம் அரசு தருகிறது, புத்தகம் அரசு தருகிறது, ஆனாலும் இந்த ஒதுக்கீட்டுச் சட்டத்துக்கு அது அரசுப் பள்ளி இல்லை. ஆறு, ஏழு, எட்டு மூன்று வருஷமும் எய்டட் பள்ளியில் போனதால் கதவு மூடிவிட்டது. ஒன்பதிலிருந்து மாநகராட்சிப் பள்ளி என்று எவ்வளவு சொன்னாலும் திறக்காது. ஆனால் கல்லூரியில் படிக்கும் பையன்களுக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் தரும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கு இந்தத் தடை இல்லை. அரசுப் பள்ளியோடு, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஒரே பையன், ஒரே பள்ளி வாழ்க்கை, ஒரு திட்டத்தில் தகுதி இல்லை, இன்னொன்றில் உண்டு. இதைப் படிக்காத தாய் எப்படிப் பிரித்தறிவாள் என்று யாரும் யோசிப்பதில்லை.

முதலில் சொன்ன கட்டணச் சலுகைக்குத் தேவையான முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இன்றே இ-சேவை மையத்தில் பதியுங்கள். கட்டணம் 60 ரூபாய். வெளியே நிற்பவர் 600 கேட்பார், கொடுக்காதீர்கள். தாசில்தார் அலுவலகத்தில் ஒருமுறை திருப்பி அனுப்பினாலும் சோர்ந்துவிடாமல் மறுபடி போடுங்கள்.

கடைசியாக டிசி. அசல் சான்றிதழைக் கல்லூரியே பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. தெருவில் உள்ளவருக்கு அது எதற்கு? நாளைக் காலையில் வீட்டுக்காரரையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். தராவிட்டால் நேராகக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். அது கைக்கு வரும்வரை அவர் பேசும் எந்தச் சீட்டைப் பற்றியும் வாய் திறக்க வேண்டாம்.